பார்வோனின் இருதயத்தைக் கடினப்படுத்தியது கர்த்தர் என்றால், அடிமைப்பெண்ணின் பிள்ளை ஏன் சாக வேண்டும்?

நெல்லை_சண்டேஸ்கூல் கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் எங்கள் சபையில் ஓய்வுநாள் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். இந்த மாதப் பாடம் எகிப்தின் பத்து வாதைகள். தவளை, பேன், வெட்டுக்கிளி வரைக்கும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். பத்தாவது வாதைக்கு ஆயத்தம் பண்ண உட்கார்ந்தபோது எனக்கே ஓடவில்லை.

யாத்திராகமம் 11:5 பாருங்கள். சிங்காசனத்தில் இருக்கும் பார்வோனின் தலைப்பிள்ளை முதல் ஏந்திரம் (திரிகைக் கல்) அரைக்கும் அடிமைப்பெண்ணின் தலைப்பிள்ளை வரைக்கும் சாகும் என்று இருக்கிறது. 12:29-க்கு வந்தால் காவல் கிடங்கில் கிடக்கிற கைதியின் தலைப்பிள்ளையும் சேர்ந்துவிடுகிறது. இஸ்ரவேலரை விடுவதா வேண்டாமா என்று அந்த அடிமைப்பெண்ணிடம் யார் கேட்டார்கள்? கைதிக்கு அவன் அறைக் கதவையே திறக்க முடியாது.

சரி, பார்வோன் பிடிவாதம் பிடித்தான், அதனால் தேசமே பட்டது என்று சொல்லலாம் என்றால், 4:21-லேயே, மோசே எகிப்துக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே, நான் அவன் இருதயத்தைக் கடினப்படுத்துவேன், அவன் ஜனத்தைப் போகவிடமாட்டான் என்று கர்த்தர் சொல்லிவிடுகிறார். அப்படியென்றால் அவன் என்ன செய்திருக்க முடியும்?

எங்கள் ஐயரிடம் (சபைப் போதகரிடம்) கேட்டேன், "ரோமர் 9 வாசிம்மா" என்றார். வாசித்தேன். பவுல் என் கேள்வியையே அப்படியே எடுத்துக் கேட்டுவிட்டு, தேவனோடு எதிர்த்துத் தர்க்கிக்கிற நீ யார் என்று முடித்துவிடுகிறார். அது பதிலா, வாயை அடைப்பதா என்று எனக்குப் புரியவில்லை. நான் விசுவாசத்தை விட்டுப் போகிறவள் இல்லை. "ஜெபம் பண்ணுங்க சிஸ்டர்" என்று மட்டும் எழுதாதீர்கள், ஜெபம் பண்ணிக்கொண்டுதான் கேட்கிறேன்.

---

கிருபை_மாத்திரம் எழுதியது:

சகோதரி, நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாதைகளை வரிசையாக வாசித்துப் பாருங்கள். முதல் ஐந்து வாதைகளிலும் பார்வோனின் இருதயம் கடினப்பட்டது, அல்லது அவன் தன் இருதயத்தைக் கடினப்படுத்தினான் என்றுதான் வருகிறது. கர்த்தர் கடினப்படுத்தினார் என்று நடந்த காரியமாகச் சொல்வது ஆறாவது வாதையாகிய கொப்புளத்தில்தான், 9:12. அதற்குப் பிறகும் கல்மழை நின்றவுடன் 9:34-இல் அவனே திரும்பவும் கடினப்படுத்திக்கொள்கிறான். நல்லவனாக இருந்த ஒரு மனுஷனைப் பிடித்து தேவன் கெட்டவனாக்கவில்லை. "நான் கர்த்தரை அறியேன்" என்று 5:2-இல் சொன்னவன், அதற்கு முந்தின பார்வோன் குழந்தைகளை நதியில் போடச் சொன்ன அரண்மனையில் உட்கார்ந்திருப்பவன். அவன் போகிற வழியிலேயே அவனை விட்டுவிடுவதும் நியாயத்தீர்ப்புதான். ரோமர் 1-இல் பவுல் மூன்று தடவை "ஒப்புக்கொடுத்தார்" என்று சொல்வது இதைத்தான்.

ஆனால் இதோடு நிறுத்தினால் நான் உங்களை ஏமாற்றுகிறவன் ஆவேன். 4:21 முன்னாலேயே இருக்கிறது, நீங்கள் சொன்னது சரி. பார்வோன் ஆரம்பித்தான், தேவன் அதற்குப் பதில் கொடுத்தார் என்று மட்டும் சொல்லித் தப்பிக்க வேதம் விடாது. தேவனுடைய தீர்மானம் முதலில் நிற்கிறது. 1646-இல் எழுதி முடித்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை இதை மூன்றாம் அதிகாரத்தில் மழுப்பாமல் சொல்கிறது: நடக்கிற எல்லாவற்றையும் தேவன் தீர்மானித்தார், ஆனாலும் பாவத்துக்குக் காரணர் அவரல்ல, மனிதனுடைய சித்தத்தின்மேல் பலாத்காரமும் இல்லை. இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று அந்த அறிக்கை விளக்கவில்லை, இரண்டும் உண்மை என்று மட்டும் சொல்கிறது. அதை நான் குறையாக நினைக்கவில்லை.

வேதத்திலேயே இதற்கு இன்னும் தெளிவான இடம் ஏசாயா 10. அசீரியா தேவனுடைய கோபத்தின் கோல், அவரே அனுப்புகிறார். ஆனால் அசீரிய ராஜாவின் மனதில் இருந்தது வேறு, தேசங்களைக் கொள்ளையடிக்கத்தான் அவன் வந்தான். வேலை முடிந்ததும் அதே ராஜாவின் அகந்தையை விசாரிப்பேன் என்கிறார் ஆண்டவர். ஒரே காரியம், அதில் தேவனுடைய நோக்கம் ஒன்று, மனுஷனுடைய நோக்கம் வேறொன்று. சிலுவையும் அப்படித்தான். அப்போஸ்தலர் 4:27, 28-ஐ வாசியுங்கள். ஏரோதும் பிலாத்துவும் கூடினார்கள், தேவன் முன்குறித்ததைச் செய்தார்கள். அதற்காக பிலாத்து நிரபராதி என்று நாம் சொல்வதில்லை.

அடிமைப்பெண்ணின் பிள்ளையைப் பற்றி: ஆதாமுக்குள் எல்லாரும் மரணத்துக்குக் கீழ்ப்பட்டவர்கள். எந்த மரணத்திலும் தேவன் நமக்குத் தரவேண்டிய கடனைத் தராமல் விட்டார் என்று சொல்லமுடியாது. ஆச்சரியம் என்னவென்றால் இஸ்ரவேலின் தலைப்பிள்ளைகளும் அந்த இரவில் தப்பியது தங்கள் நீதியினால் அல்ல, கதவில் பூசிய ஆட்டுக்குட்டியின் இரத்தத்தினால்.

---

சும்மா_படிக்கிறவன் எழுதியது:

நான் விசுவாசி இல்லை, இருந்தாலும் இந்தப் பக்கம் அடிக்கடி வந்து படிப்பேன். மேலே இருப்பதைப் படித்தேன். ராஜாவைப் பற்றி நாலு பத்தி, அடிமைப்பெண்ணின் பிள்ளையைப் பற்றி நாலு வரி. அந்த நாலு வரியும் "எல்லாரும் எப்படியும் சாகத்தானே போகிறோம்" என்கிற மாதிரி இருக்கிறது. இதையே ஒரு ராஜா செய்தால் என்ன பெயர் வைப்போம்? ஏரோது பெத்லகேமில் செய்ததற்கு வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவனுக்குக் கறுப்புத் தாடி ஒட்டுகிறீர்கள்.

---

கடற்கரை_அந்தோணி எழுதியது:

நான் கத்தோலிக்கன், நாகப்பட்டினம் பக்கம். தம்பி கேட்டது நியாயமான கேள்வி, அதைக் கேட்க அவிசுவாசியாக இருக்க வேண்டியதில்லை. ஆபிரகாமே கேட்டார், சர்வலோக நியாயாதிபதி நீதி செய்யாதிருப்பாரோ என்று, சோதோமுக்காக நின்று ஐம்பதிலிருந்து பத்து வரைக்கும் பேரம் பேசினார். ஆண்டவர் கோபித்துக்கொள்ளவில்லை.

முன்குறித்தல் விஷயத்தில் எங்கள் சபைக்குள்ளேயே பெரிய சண்டை நடந்தது உங்களில் நிறையப் பேருக்குத் தெரிந்திருக்காது. 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயினில், தோமினிக்கன் சபையைச் சேர்ந்த பான்யெஸ் ஒரு பக்கம், இயேசு சபையைச் சேர்ந்த மோலினா இன்னொரு பக்கம். கடவுளின் அருள்தான் மனிதனை அசைக்கிறது, அது தவறாது என்று அவர். இந்தச் சூழ்நிலையில் இந்த மனிதன் சுதந்திரமாக என்ன முடிவெடுப்பான் என்பது கடவுளுக்கு முன்பே தெரியும், அதை வைத்துத்தான் அவர் உலகை நடத்துகிறார் என்று இவர். விவகாரம் ரோமாபுரிக்குப் போய், வருஷக்கணக்கில் விசாரணை நடந்து, கடைசியில் 1607-இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் என்ன செய்தார் தெரியுமா? தீர்ப்பே சொல்லவில்லை. இரண்டு பேரும் அவரவர் கருத்தை வைத்துக்கொள்ளலாம், ஒருத்தரை ஒருத்தர் பேதகன் என்று சொல்லக் கூடாது என்று அனுப்பிவிட்டார். எனக்கு அவர்மேல் அதற்காகவே ஒரு மரியாதை. ஆனால் பாவம் செய்யும்படி கடவுள் யாரையாவது முன்குறித்தார் என்பதை மட்டும் 529-லேயே பிரான்சில் ஆரஞ்சு என்கிற ஊரில் கூடிய திருச்சபைச் சங்கம் அருவருப்போடு தள்ளிவிட்டது, அதில் எங்களுக்குள் சண்டை இல்லை.

நான் சொல்ல வந்தது வேறு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் திருயாத்திரை வந்தவர்களை அலை கொண்டுபோனது. எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் செத்தார்கள், அதில் பிள்ளைகள் எத்தனை என்று கடலோரத்தில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். பிணம் எடுத்து முடிவதற்குள் ஒரு பிரசங்கியார் மைக் பிடித்து, இது சிலை வணக்கத்துக்கு வந்த நியாயத்தீர்ப்பு என்று பேசியதை நானே கேட்டேன். இறையாண்மை பற்றி அந்த மனிதரும் நிறைய வசனம் வைத்திருந்தார்.

இது புதுசும் இல்லை. 1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள், லிஸ்பனில் காலைப் பூசைக்குக் கோயில்கள் நிரம்பியிருந்த நேரத்தில் நிலம் நடுங்கியது. கூரை விழுந்து செத்தவர்கள் போக, ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைக் கடல் எடுத்தது, மிச்சத்தை நெருப்பு எடுத்தது. மலாக்ரிதா என்கிற இயேசு சபைக் குரு மறு வருஷம் ஒரு சிறு புத்தகம் போட்டார். இயற்கைக் காரணம் என்று பேசாதீர்கள், உங்கள் பாவம்தான் காரணம், வீடு கட்டுவதை விட்டுவிட்டுத் தவம் செய்யுங்கள் என்பது சாரம். நகரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த மந்திரி பொம்பாலுக்கு ஆத்திரம் வந்து அவரை ஊரைவிட்டு அனுப்பினார். பிறகு வேறு குற்றச்சாட்டுகளும் சேர்ந்து 1761-இல் அந்தக் கிழவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தார்கள். அதுவும் அநியாயம்தான். ஆனால் அந்தக் காலத்திலேயே லிஸ்பனில் யாராவது லூக்கா 13-ஐத் திறந்து வைத்துக் கேட்டிருக்கலாம்: சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரும் எருசலேமில் இருந்த எல்லாரையும்விடக் குற்றவாளிகளா? இயேசுவின் பதில் இல்லை என்பதுதான்.

கிருபை_மாத்திரம் தம்பிக்கு என் கேள்வி இதுதான். எகிப்தில் நடந்தது நியாயத்தீர்ப்பு என்று வேதம் சொல்கிறது, ஏற்றுக்கொள்கிறேன். வேதம் சொல்லாத இடத்தில், ஒவ்வொரு சாவுக்கும் "ஆதாமுக்குள் எல்லாரும்" என்று அதே ரப்பர் ஸ்டாம்பைக் குத்தலாமா?

---

கிருபை_மாத்திரம் எழுதியது:

அண்ணே, அந்தப் பிரசங்கியார் பேசியதை நான் ஒருநாளும் ஆதரிக்கமாட்டேன். தேவன் எல்லாவற்றையும் ஆளுகிறார் என்பது ஒன்று, இந்தச் சம்பவம் இன்னாருடைய பாவத்துக்கு என்று எனக்குத் தெரியும் என்பது வேறு. முதலாவது விசுவாசம். இரண்டாவதைச் சொன்ன யோபுவின் சிநேகிதர் மூன்று பேருக்கும் 42-ஆம் அதிகாரத்தில் என்ன கிடைத்தது என்று நமக்குத் தெரியும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அலை வந்தபோது தேவன் ஆளவில்லை என்று சொன்னால், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அது ஆறுதலா? அவர் கையில் இல்லாத ஒரு கடலைப் பற்றி அவரிடம் என்னவென்று ஜெபிப்பது?

---

ரிட்டயர்டு_டீச்சர் எழுதியது:

ரெண்டு பேரும் நன்றாக எழுதுகிறீர்கள். கேட்ட பிள்ளையை விட்டுவிட்டு ஸ்பெயினுக்கும் போர்த்துகலுக்கும் போய்விட்டீர்கள். அந்தோணி தம்பி, லிஸ்பன் விவரம் அருமை, ஆனாலும் அந்த ஏந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவளிடம் வாருங்கள்.

சண்டேஸ்கூல் மகளே, நானும் பல வருஷம் அந்த வகுப்பு எடுத்தவள். நான் இந்தப் பகுதியை வாசிக்கிற விதத்தைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்.

பத்தாவது வாதையைத் தனியாக வாசிக்காதே, 1:22-லிருந்து வாசி. எபிரெய ஆண்பிள்ளைகளைப் பிறக்கும்போதே கொன்றுபோடும்படி முந்தின பார்வோன் முதலில் மருத்துவச்சிகளிடம் சொல்கிறான், அவர்கள் தேவனுக்குப் பயந்து செய்யவில்லை. அப்புறம் 1:22-இல் பிள்ளைகளை நதியில் போடும்படி தன் ஜனங்கள் எல்லாருக்கும் கட்டளையிடுகிறான். எல்லாருக்கும் என்று இருக்கிறது. அந்தப் பிள்ளைகளை அரண்மனைக்காரன் வந்து பொறுக்கிக்கொண்டு போகவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் தூக்கிப்போட்டான். ஒரு தேசம் முழுவதும் கை வைத்த கொலை அது. அதைக் கேட்ட தேவன் இஸ்ரவேல் என் சேஷ்டபுத்திரன் (தலைப்பிள்ளை), நீ அவனை விடமாட்டேன் என்றால் உன் சேஷ்டபுத்திரனைச் சங்கரிப்பேன் என்று 4:23-இல் சொல்கிறார். கடினப்படுத்துவேன் என்ற 4:21-க்கு ரெண்டே வசனம் தள்ளி. அந்த இரவில் எகிப்து அழுத அழுகைக்கு முன்னால் நதிக்கரையில் ஒரு அழுகை இருந்தது, அதை யாரும் படம் வரையச் சொல்வதில்லை.

இதனால் அடிமைப்பெண்ணின் கணக்கு நேராகிவிட்டதா? இல்லை. நேராகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அவளும் ஒருவேளை பிடித்துக்கொண்டு வரப்பட்டவள்தான். குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18-இல் அதே தேவன்தான் சொல்கிறார், துன்மார்க்கன் சாவதிலும் எனக்குப் பிரியமில்லை என்கிறார். அந்த வசனத்தை ஒரு கையிலும் 12:29-ஐ இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை வருஷம் இருக்கிறேன்.

வேதமே அவளைக் கணக்கில் எடுத்திருப்பதைக் கவனி. எழுதினவர் "எகிப்தியர் எல்லாரும்" என்று ஒரு வார்த்தையில் தாண்டிப் போயிருக்கலாம். ஏந்திரத்தையும் காவல் கிடங்கையும் சொல்ல வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை. உன்னை உறுத்தியதே அந்தப் பெண் அங்கே எழுதப்பட்டிருப்பதால்தான். வெற்றிக் கதை எழுதுகிறவர்கள் எதிரியின் வேலைக்காரியை எழுதுவதில்லை.

இன்னொன்று, கல்மழைக்கு முன்னால் 9:20. ஆடுமாடுகளை உள்ளே கொண்டுவந்துவிடு, வெளியே இருந்தால் சாகும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. பார்வோனின் ஊழியக்காரரில் கர்த்தருடைய வார்த்தைக்குப் பயந்தவர்கள் உள்ளே கொண்டுவந்தார்கள், பிழைத்தார்கள். அதாவது எகிப்தியன் என்று பிறந்ததால் வாசல் அடைபடவில்லை. 12:38-இல் இஸ்ரவேலரோடு பல ஜாதியான ஜனங்களும் புறப்பட்டுப் போனார்கள் என்று இருக்கிறது. யார் அவர்கள்? எகிப்தில் இருந்தவர்கள்தானே. முன்குறித்தல் பேசுகிறவர்கள் ரோமர் 9-இல் தேவனுக்கு உவமையாக வரும் குயவனோடு நின்றுவிடுகிறார்கள். அந்தக் குயவன் வரும் இன்னொரு இடம் எரேமியா 18. அங்கே கெட்டுப்போன மண்ணைக் குயவன் தூக்கி எறியவில்லை, திரும்ப வேறு பாண்டமாக வனைந்தான். அதைக் காட்டிவிட்டு, நான் பிடுங்குவேன் என்று சொன்ன ஜாதி தன் பொல்லாங்கை விட்டுத் திரும்பினால் நானும் மனஸ்தாபப்படுவேன் என்கிறார் கர்த்தர். பவுலும் 9-இல் நிற்கவில்லை, 11:32-க்குப் போய் எல்லார்மேலும் இரக்கமாயிருக்கத்தக்கதாக என்றுதான் முடிக்கிறார். உங்கள் ஐயர் மூணு அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்லியிருக்கலாம்.

யூதர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பஸ்கா இரவில் பத்து வாதைகளின் பெயரைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி திராட்சரசத்தைக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். நம்முடைய விடுதலைக்காக எகிப்தியர் பட்டார்கள், அதனால் நம் கிண்ணம் நிறைந்திருக்கக் கூடாது என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். செங்கடலில் எகிப்தியர் முங்கியபோது தேவதூதர் பாடப் போனதாகவும், என் கைவேலை கடலில் முங்குகிறது, நீங்கள் பாட்டுப் பாடுகிறீர்களா என்று தேவன் அவர்களைக் கேட்டதாகவும் அவர்களுடைய பழைய போதனை நூலாகிய தல்மூதில் ஒரு கதை இருக்கிறது. விடுதலை பெற்ற ஜனமே இப்படி வைத்திருக்கிறார்கள். நாம் என்ன செய்கிறோம், வி.பி.எஸ்ஸில் (விடுமுறை வேதாகமப் பள்ளியில்) கைதட்டிப் பாட்டுப் போடுகிறோம். (நானும் ஆக்‌ஷன் சொல்லிக்கொடுத்தவள்தான், பாட்டு நல்ல பாட்டு.)

ஏசாயா 19 கடைசி வசனத்தையும் வாசி. எகிப்தியராகிய என் ஜனம் என்கிறார். பார்வோனின் தேசத்தை.

---

சும்மா_படிக்கிறவன் எழுதியது:

டீச்சர் சொன்னதில் எனக்கு இன்னும் சம்மதமில்லை, ஆனால் கணக்கு நேராகிவிட்டது என்று சொல்லாமல் ஒருத்தர் எழுதியது பிடித்திருக்கிறது. 1:22 விஷயம் எனக்குத் தெரியாது.

---

கிருபை_மாத்திரம் எழுதியது:

டீச்சர், எரேமியா 18-ஐ நான் மறக்கவில்லை. மண் திரும்புவதும் குயவன் கையில்தான் என்பேன், நீங்கள் ஒத்துக்கொள்ளமாட்டீர்கள் என்றும் தெரியும். நெதர்லாந்தில் முன்குறித்தலைப் பற்றிக் கூடிய டார்ட் சங்கத்தில் 1618-லிருந்து நடந்த சண்டை இந்தத் திரியில் முடியப் போவதில்லை. இங்கிலாந்துப் பிரசங்கிமாரான வெஸ்லியும் விட்ஃபீல்டும் இதே காரியத்தில் 1740 வாக்கில் பிரிந்து போனார்கள், ஆனாலும் விட்ஃபீல்ட் செத்தபோது லண்டனில் அவருக்காக நினைவுப் பிரசங்கம் பண்ணினது வெஸ்லிதான்.

எசேக்கியேல் 18-ஐ மட்டும் எகிப்தின்மேல் அப்படியே போடமுடியாது. அங்கே தேவன் சொல்வது கடைசிக் கணக்கில் ஒருவனுடைய குற்றத்தை இன்னொருவன்மேல் வைப்பதில்லை என்பது. ராஜா செய்கிற பாவத்தின் பலன் ஜனத்தின்மேல் விழுவது வேதம் முழுக்க இருக்கிறது, தாவீது ஜனத்தை எண்ணினபோது யார் செத்தார்கள்? அந்த அடிமைப்பெண்ணின் பிள்ளை நித்தியத்தில் எங்கே இருக்கிறது என்று 12:29 சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன், அதை அவருடைய இரக்கத்துக்கு விடுகிறேன்.

---

கடற்கரை_அந்தோணி எழுதியது:

தம்பி, தாவீது ஜனத்தை எண்ணின கதையில் தாவீதே கேட்கிறார், இந்த ஆடுகள் என்ன செய்தது என்று. அதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

கடலைப் பற்றி என்னிடம் கேட்டதற்குப் பதில்: அவர் ஆளவில்லை என்று நான் சொல்லவில்லை. பிள்ளையைக் கொடுத்த தாய்மார் எங்கள் தெருவில் இருக்கிறார்கள், அதே மாதாக் கோயிலுக்குத்தான் போகிறார்கள். அவர்களில் ஒருத்தர்கூட கடவுள் ஆளுகிறார் என்று என்னிடம் வந்து விளக்கம் கேட்டதில்லை. திட்டுகிறார்கள், அப்புறம் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். திருப்பாடல்களில் பாதி அப்படித்தான் இருக்கிறது.

---

நெல்லை_சண்டேஸ்கூல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. டீச்சரம்மா, 1:22-ஐயும் பத்தாவது வாதையையும் நான் சேர்த்து வாசித்ததே இல்லை, பாடப்புத்தகத்தில் அது மோசே பிறந்த பாடத்தில் போய்விடுகிறது, நடுவில் ஏழெட்டு வாரம் கடந்துவிடுகிறது. 12:48, 49-உம் இப்போதுதான் கண்ணில் பட்டது, அந்நியன் விருத்தசேதனம் பண்ணிக்கொண்டால் பஸ்காவில் சேரலாம், சுதேசிக்கும் பரதேசிக்கும் ஒரே பிரமாணம் என்று.

கிருபை_மாத்திரம் பிரதர், கடைசியாக எழுதியதற்கு நன்றி, முதலில் எழுதிய நாலு வரியைவிட அது எனக்கு உதவியாக இருக்கிறது.

இன்னும் ஒன்று. அந்த இரவில் அவள் எபிரெய வீட்டுக்காரியைப் பார்த்துத் தன் கதவிலும் இரத்தம் பூசியிருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமா? வகுப்பில் நிச்சயம் யாராவது கேட்பார்கள்.

---

ரிட்டயர்டு_டீச்சர் எழுதியது:

கேட்பார்கள். வேதத்தில் எழுதவில்லை என்று சொல். கல்மழைக்கு எகிப்தியருக்கு எச்சரிப்பு கொடுத்தது எழுதியிருக்கிறது, பத்தாவது வாதைக்கு பார்வோனிடம் சொன்னது எழுதியிருக்கிறது, ஆனால் இரத்தம் பூசுகிற கட்டளை இஸ்ரவேல் சபைக்குத்தான் சொல்லப்பட்டது. அதைக் கேட்டுப் பயந்து பூசினவள் ஒருத்தி இருந்திருந்தால் அழிவு அவள் வீட்டைத் தாண்டித்தான் போயிருக்கும் என்று நான் நம்புகிறேன், ஆனால் அது என் நம்பிக்கை. அதை மோசே எழுதினதுபோல் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதே, வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவிடம் வசனம் எங்கே என்று கேட்பார்கள், அடுத்த வாரம் நீதான் மாட்டுவாய்.